ஒரே டப்பாவில் பூட்டி வைத்த பாட்டு



இது நீளமான பதிவு. பாதியில் தூக்கம் வந்தால் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக்கொள்ளலாம், நான் சாக்பீஸ் எறிய மாட்டேன். ஆனால் முடிவில் வீட்டுப்பாடம் இருக்கிறது. அதற்குள் எழுந்துவிடுங்கள்.

விஷயம் பாட்டு. பாட்டை எங்கே சேமித்து வைத்திருக்கிறீர்கள், எப்படி வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது. "இதில் சண்டை போட என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் பார்த்த வரையில் இந்த விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. மூன்று கட்சிக்காரர்களும் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். மூன்று பேரோடும் எனக்கு வழக்கு உண்டு.

முதல் கட்சி: "எல்லாம்தான் நெட்டில் இருக்கே!"

ஹார்டு டிஸ்க் என்று வாயைத் திறந்தாலே சிரிப்பவர்கள் இவர்கள். "இந்தக் காலத்தில் யார் டீச்சர் பாட்டை டவுன்லோடு பண்ணி வைக்கிறாங்க? பேரைச் சொன்னா போன் பாடுது." சரி. போன் பாடுகிறது. அந்தப் பாட்டு யாருடையது? மாதச் சந்தா கட்டுகிறவரை கேட்கலாம், நிறுத்தினால் கேட்க முடியாது என்றால் அதற்குப் பெயர் வாடகை. வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றம் இல்லை. ஆனால் வாடகை வீட்டைக் காட்டி "எனக்குச் சொந்த வீடு இருக்கு" என்று பெண் கேட்டுப் போகக்கூடாது.

கூகிள் பிளே மியூசிக் என்று ஒன்று இருந்தது. நம் சொந்தப் பாட்டுகளையே ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020இல் மூடினார்கள். கால அவகாசம் கொடுத்து, வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அறிவிப்பைப் பார்த்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். பார்க்காதவர்கள்? நம் நாட்டில் லட்சக்கணக்கான போன்களில் இருந்த விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. அதில் வருடக்கணக்காக உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகச் சேர்த்து வைத்தவர்கள் மறுபடியும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னும் பெரிய உதாரணம் மைஸ்பேஸ். ஒரு காலத்தில் உலகம் முழுவதும் இளம் பாடகர்கள் தங்கள் சொந்தப் பாட்டுகளை ஏற்றி வைத்த தளம் அது. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள் போய்விட்டன என்று 2019இல் கைவிரித்தார்கள். சுமார் 5 கோடிப் பாட்டு இருக்கலாம் என்று செய்திகளில் வந்தது. அதில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தார்களோ, அத்தனை பேருடைய பாட்டு பிழைத்தது. மற்றது மற்றதுதான்.

"பெரிய கம்பெனிக்காரன் பத்திரமாக வைத்திருப்பான்" என்பதும் நம்பிக்கைதான். 2008இல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. பெரிய பெரிய பாடகர்களின் மூல ஒலிநாடாக்கள் அங்கே இருந்தன. எவ்வளவு பெரிய இழப்பு என்ற பேச்சு வெளியில் வந்ததே 2019இல்தான். கம்பெனிக்கு அது சரக்கு. சரக்கு போனால் காப்பீடு கிடைக்கும். நமக்கு?

ஆனாலும் சினிமாப் பாட்டுக்காக நான் இவ்வளவு கவலைப்படவில்லை. அது எங்கேயாவது யாரிடமாவது இருக்கும். என் கேள்வி வேறு. உங்கள் பாட்டி பாடிய தாலாட்டு எந்தச் செயலியில் இருக்கிறது? உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாயனக்காரரின் மல்லாரி எந்தச் சந்தாவில் வருகிறது? நம் பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டு? பேரைச் சொல்லிப் பாருங்கள். போன் முழிக்கும். இவையெல்லாம் இருந்தால் உங்கள் வீட்டில் இருக்கும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் "எல்லாம் நெட்டில் இருக்கு" என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாம் கட்சி: "என்கிட்ட பத்திரமா இருக்கு"

இவர்கள் முதல் கட்சியைவிட ஆபத்தானவர்கள். ஏனென்றால் இவர்களிடம் உண்மையாகவே பொருள் இருக்கிறது. தேடித் தேடிச் சேர்த்தவர்கள், உழைத்தவர்கள். அந்த உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் சேர்த்ததை ஒரே ஒரு டப்பாவில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். பூதம் காத்த புதையல் மாதிரி.

எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் இதைப் படிப்பார். பெயர் சொல்லப்போவதில்லை. 1987 பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அத்தையும் அவரோடு நடவுக்குப் போகும் நான்கு பெண்களும் உட்கார்ந்து பாடினார்கள். நடவுப் பாட்டு, தாலாட்டு, இடையில் ஒரு ஒப்பாரியும். டூ-இன்-ஒன்னில் இரண்டு கேசட் பதிவானது. அத்தை போய்ச் சேர்ந்தபிறகு, உறவினர் ஒருவர் அந்தக் கேசட்டுகளை வாங்கிக் கணினியில் ஏற்றினார். நல்ல காரியம். ஏற்றிய பிறகு, "அதான் கம்ப்யூட்டரில் இருக்கே" என்று கேசட்டுகளைப் பழைய சாமான்களோடு போட்டுவிட்டார். நான் மூன்று முறை பிரதி கேட்டேன். முதல் முறை, "உங்க பென்டிரைவில் வைரஸ் இருக்கும்." இரண்டாம் முறை, "அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம்." மூன்றாம் முறை, "என்கிட்ட இருந்தா உங்ககிட்ட இருக்கிற மாதிரிதானே?"

வீடு மாற்றும்போது அந்த டிஸ்க் கீழே விழுந்தது. மீட்டெடுக்கும் கடைக்காரர்கள் பிரித்துப் பார்த்து, உள்ளே தட்டு கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பெண்களின் குரல். அதில் நால்வர் இப்போது உயிரோடு இல்லை. மிஞ்சியிருக்கும் ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பாட்டில் பாதி மறந்துவிட்டது. "என்கிட்ட இருந்தா உங்ககிட்ட இருக்கிற மாதிரி" என்பதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா? அவரிடம் இல்லையென்றால் யாரிடமும் இல்லை.

ஹார்டு டிஸ்க் என்பது என்ன? உள்ளே ஒரு தட்டு, நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசும். கதை முடிந்தது. "எஸ்.எஸ்.டி. வாங்கினால் சுற்றுவது கிடையாதே" என்பீர்கள். உண்மை, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அதில் செய்தி மின்னூட்டமாக நிற்கிறது. வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் பீரோவில் போட்டால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். பென்டிரைவுக்கும் இதே விதிதான். பழுதாகாத டப்பா என்று எந்தக் கடையிலும் விற்பதில்லை. எந்த டப்பாவும் ஒருநாள் போகும். அது போகும் நாளில் இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை நம் முன்னோர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும். அதனால் பழசு போவதற்குள் புதிதாக ஏடு எழுதினார்கள். ஒரு மடத்தில் ஒன்று, ஒரு புலவர் வீட்டில் ஒன்று, ஒரு ஜமீனில் ஒன்று என்று பரவி இருந்தது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எப்படி? ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க, பல பிரதிகள் பல வீடுகளில் இருந்தன. ஐம்பெருங்காப்பியம் என்று வகுப்பில் ஒப்பித்தீர்களே, அதில் வளையாபதி எங்கே? முழு நூல் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டும் இருக்கின்றன. அவையும் ஏன் இருக்கின்றன தெரியுமா? புறத்திரட்டு என்ற தொகை நூலில் யாரோ ஒரு புண்ணியவான் எடுத்துச் சேர்த்தார். உரைகாரர்கள் மேற்கோள் காட்டினார்கள். வளையாபதியில் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்ட பாட்டுதான் பிழைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சான புத்தகங்களில் பல வேறு ஊர்களிலும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் போனது போனதுதான். தமிழனுக்கு இந்தப் பாடத்தை இன்னொரு முறை யாராவது நடத்த வேண்டுமா?

மூன்றாம் கட்சி: "மொத்தத்தையும் அள்ளிக்கோ"

இவர்கள் தாராள மனசுக்காரர்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், "டீச்சர், ரெண்டு டெரா பாட்டு இருக்கு, காப்பி பண்ணிக்கோங்க" என்பார்கள். வாங்கித் திறந்து பார்த்தால் "நியூ ஃபோல்டர்", அதற்குள் "நியூ ஃபோல்டர் 2", அதற்குள் "டிராக் 01", "டிராக் 02". யார் பாடியது? எந்தப் படம்? எந்த வருடம்? ஒன்றும் கிடையாது. ஒரே பாட்டு ஏழு இடத்தில். குப்பையை அள்ளிப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, அதற்குப் பகிர்வு என்று பெயர் வைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு 2.4 எம்.பி. ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்.பி. ஒரு டெரா என்பது 10 லட்சம் எம்.பி. வகுத்தால் 83,000 பாட்டு. நிறுத்தாமல் ராத்திரி பகலாகக் கேட்டால் 288 நாள். இரண்டு டெராவுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல். யார் கேட்கப்போகிறார்கள்? எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படத்தான் உதவும். இருநூறு பாட்டை ஒழுங்காகப் பெயர் எழுதி ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் அவன் கேட்பான். எண்பதாயிரத்தைக் கொடுத்தால் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டான்.

இதே கட்சியில் இன்னொரு கூட்டம், "128இல் இருந்ததை 320 ஆக மாற்றிட்டேன் டீச்சர், தரம் கூடிடுச்சு" என்கிறது. அடேய், சுருக்கும்போது தூக்கி எறிந்த ஒலி திரும்பி வராது. பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது. கோப்பை அப்படியே நகல் எடுங்கள். ஆயிரம் முறை நகல் எடுத்தாலும் ஒரு துளி குறையாது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து செய்து கடைசியில் இரைச்சல் மட்டும் கேட்ட காலம் போய்விட்டது. நமக்குக் கிடைத்த இந்த வரத்தை உருமாற்றிக் கெடுக்காதீர்கள்.

பெயர் எழுதுவதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நம் பாட்டிமார்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய ஒரே மரியாதை அதுதான். சினிமாப் பாட்டுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். "நாட்டுப்புறப் பாட்டு - 3" என்று பெயர் வைத்த கோப்பில் பாடுகிற பெண்மணி யார் என்று இருபது வருடம் கழித்து யார் சொல்வது? வாழ்நாள் முழுதும் வயலில் குனிந்து நின்றவரின் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருக்க வேண்டுமா? பாடியவர் பெயர், ஊர், வருடம், என்ன சமயத்தில் பாடியது என்று நான்கு விவரங்கள். அந்த எம்.பி.3 கோப்புக்குள்ளேயே அவற்றை எழுதி வைக்க இடம் இருக்கிறது. எம்.பி.3டேக் என்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே எழுதலாம். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் கோப்பின் பெயர் போய்த் தேதியும் எண்ணுமாக நிற்கும். உள்ளே எழுதியிருந்தால் அது நிற்கும்.

"அப்படியானால் எல்லாப் பாட்டையும் எல்லோருக்கும் கொடுக்கலாமா?" என்று வக்கீல் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் கேட்பீர்கள். கூடாது. இதிலும் நான் கறார்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. ஒலிப்பதிவு ஒன்று வெளிவந்தால் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உண்டு. நேற்று வந்த படத்தின் பாட்டை நூறு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு "இசைச் சேவை" என்று பேசாதீர்கள். அந்தப் பாட்டில் வயலின் வாசித்தவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். காசு கொடுத்து வாங்குங்கள், வாங்கியதைச் சேமியுங்கள். நான் அள்ளி அள்ளிக் கொடுக்கச் சொல்வது நம் வீட்டுப் பாட்டு, நம் ஊர்ப் பாட்டு, நாமே பதிவு செய்தது. அதிலும் ஒப்பாரி போன்றவை துக்கத்தில் பாடியவை. குடும்பத்துக்குள் கொடுங்கள். வெளியே போடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, திட்டியது போதும். இப்போது வீட்டுப்பாடம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும்.

1. பரண், பீரோ, அலமாரி மூன்றையும் தேடுங்கள். கேசட் கிடைத்தால் உடனே ஓடவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நாடா தளர்ந்திருந்தால் பழைய முறைதான், பென்சிலை விட்டுச் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. ஒரு மணி நேரக் கேசட்டை முழுத் தரத்தில் சுருக்காமல் பதிந்தால் 600 எம்.பி. வரும். நூறு கேசட்டுக்கு 60 ஜி.பி. ஒரு 128 ஜி.பி. பென்டிரைவில் பாதிகூட நிரம்பாது. பதிந்தபின் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் மூலப் பிரதி.

2. மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். கணினிக்காரர்கள் இதை 3-2-1 என்பார்கள். ஒன்று உங்கள் கணினியில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று அக்கா வீட்டில். மாதச் சந்தா மேகத்திலும் ஒன்று வைக்கலாம், தப்பில்லை. அதை மட்டுமே நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

3. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸிலும் மேக்கிலும் எழுதலாம், படிக்கலாம். என்.டி.எஃப்.எஸ். ஆக இருந்தால் மேக்கில் சாதாரணமாகப் படிக்க மட்டும்தான் முடியும். காரிலும் பழைய டி.வி.யிலும் போட ஃபேட்32 பென்டிரைவ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியம்: ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும். காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். பிடுங்கும் முன் "பாதுகாப்பாக அகற்று" என்பதை அழுத்துங்கள். அவசரத்தில் பிடுங்கினால் எழுதி முடிக்காத கோப்பு கெடும்.

4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி நான்கு பாட்டாவது கேளுங்கள். ஆடிக்கு ஒருமுறை, தைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஐந்தாறு வருடம் ஆனால் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒரு பட்டுப்புடவை விலை வராது.

5. இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள், இரைச்சல் விழும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுப் பதிவை அழுத்துங்கள். "பாட்டு எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்பார்கள். நீங்களே முதல் அடியைத் தப்பாகப் பாடுங்கள். திருத்துவதற்காகவாவது பாடுவார்கள். முப்பத்து மூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் சொல்கிறேன், தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க எந்தப் பெரியவராலும் முடியாது. பாடி முடித்ததும் அவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். அன்று இரவே இரண்டு பேருக்குக் கொடுங்கள்.

கல்வியைப் பற்றிச் சின்ன வகுப்பிலேயே நடத்தினேன், கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்று. பாட்டுக்கும் அதுவேதான். உங்கள் டப்பாவை ஒருவர் நகல் எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நாளைக்கு உங்களுடையது கெட்டுப்போனால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

வீட்டுப்பாடம் முடித்தவர்கள் கீழே எழுதுங்கள்: யார் குரல், எந்த ஊர், எத்தனை பிரதி, யார் யாரிடம். "என்னிடம் மட்டும் இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. காரணம் சொல்பவர்களை வழக்கம்போல வெளியே நிற்க வைப்பேன். வெளியே நின்றாலும் சும்மா நிற்க வேண்டாம், யாருக்காவது போன் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்